இரண்டாம் மாடித் தூக்குவாளிப் போர்

விசில் ஏந்திய வேந்தே! ஓடும் பேருந்தின் பின்படியில் ஒற்றைக்கால் ஊன்றி, எதிர்க்காற்றுக்கு நெஞ்சும் பயணிகளின் வசைக்கு முதுகும் கொடுத்து, ‘உள்ள போ, உள்ள போ’ என்னும் ஓயாத முழக்கத்தால் இல்லாத இடத்தில் இடம் படைத்த பெருந்தகையே! ஓய்வு பெற்று வீடு வந்த பின்னும் கழுத்துக் கயிற்றிலிருந்து விசிலைக் கழற்றாத கொற்றவனே! தரைத்தளத்து வீட்டின் தனிப்பெருந் தலைவனே, தலைவி குளிக்கப் போயிருக்கும் வேளைகளில்! உன்னை வாழ்க என்று வாழ்த்தும் காலம் கடந்துவிட்டது. ஆகையால் நன்றாக வாழ்ந்தாய் என்று சொல்லி, வணங்கித் தொடங்குகிறோம்.

யானைப் படையும் குதிரைப் படையும் மோதிய களங்களைப் பாடப் புலவர் பலர் உண்டு. ஆனால் துணி உலர்த்தும் நைலான் கயிறு ஒன்றின் இரு முனைகளிலும் இரண்டு வீடுகள் நின்று பொருத பெரும்போரை, மேலே ஏறிய எலுமிச்சையையும் கீழே இறங்கிய வாழைப்பழத்தையும், இடையில் முதல் மாடியில் நேர்ந்த சேதங்களையும் பாட இன்றுவரை எவரும் முன்வந்ததில்லை. அந்தக் குறை இங்கே தீர்க.

அது நோய் ஆண்ட காலம். கண்ணுக்குத் தெரியாத பகைவன் ஒருவன் கதவுப் பிடியிலும் காய்கறிப் பையிலும் ஒளிந்திருப்பதாக அறிவிக்கப்பட்டு, தும்மியவனைக் கள்வனைப் போலவும் இருமியவனைக் கொலைகாரனைப் போலவும் ஊரே திரும்பிப் பார்த்த காலம். கைகுலுக்கிப் பழகியவர்கள் கைகழுவிக் களைத்தார்கள். சிரிப்பவனும் முறைப்பவனும் முகக்கவசத்துக்கு மேலே ஒன்றுபோலவே தெரிந்தார்கள். ஊரார் அத்தனை பேரும் ஒருசேர வாயை மறைத்துக்கொண்டதால் தொழிலிழந்து, தம் வீட்டுப் பால்கனியில் நாற்காலி போட்டு, போகிற காக்கைக்குப் பல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. அவருக்கு முதல் மாடி.

கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பால்கனிகளை முற்றத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்ற அந்தப் பழைய கட்டடத்துக்கு ஆண்டில் ஒரு பெருநாள் உண்டு. பள்ளியும் அலுவலகமும் பட்டறையும் ஒருசேரப் பூட்டப்படும் அந்தப் பெரிய விடுமுறை நாளில், விடிந்ததும் பாத்திரங்கள் வீடு மாறத் தொடங்கும். எந்த மன்னன் இயற்றியதோ தெரியாது, அங்கே ஒரு சட்டம் நிலவியது: வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பலாகாது. கேக் கொண்டுவந்த பாத்திரம் பழத்தோடு திரும்பும். பழம் வந்துவிட்டதே என்று பிஸ்கட் போகும். பிஸ்கட்டுக்கு மானம் காக்க முட்டை வரும். கடைசியாகக் கொடுத்த வீடே அந்த ஆண்டின் பெரிய வீடு என்பதால், எந்த வீடும் தானாக நிறுத்தியதாக வரலாறு இல்லை. இந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைக்கவே நண்பகலில் நம் தலைவராகிய கண்டக்டர் முற்றத்தின் நடுவே வந்து நின்று, கடைசி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்துவதுபோல நீண்டதொரு விசில் ஊதுவார். அத்தோடு போர் ஓயும். எல்லா வீடும் கீழே இறங்கும். எல்லாப் பாத்திரமும் ஒரே மேசையில் கொட்டப்படும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது மேசைமேல் கலந்து மறைந்துபோகும்.

நோய் ஆண்ட அந்த ஆண்டில் மேசை இல்லை. ஆகவே நண்பகலும் இல்லை. கேட்டை ஒட்டிய வீட்டில் கிருமிநாசினித் தெளிப்பானைத் தோளில் மாட்டியபடி அரசாண்ட ஹவுஸ் ஓனர், அனைவரது கைபேசிக்கும் தம் குரலாலேயே ஆணை ஒன்றைப் பிறப்பித்தார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. முற்றத்துல ஒருத்தரும் கூடக் கூடாது. ஏதாவது குடுக்கணும்னா கயித்துல கட்டிக் குடுங்க. அதுவும் சாப்பிட்டுத் தூக்கிப் போடுற டப்பாவுல. பாத்திரம் கீத்திரம் அனுப்பினீங்கன்னு வைங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

அவர் மனிதராகவே நீடிக்கட்டும் என்று மற்ற வீடுகள் பணிந்தன. பணியாதது ஒரே ஒரு வீடு, நம் தலைவருடையது. ஏன் என்று சொல்ல, இரண்டாம் மாடிக்கு ஏறியாக வேண்டும்.

இரண்டாம் மாடியில் இருந்தவர் தையல் டீச்சர். பெண்கள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கோணல் தையலைப் பிரித்துப் போட்டவர். ஊசித் துளையைப் பார்க்காமலே நூல் கோக்கும் விரலுடையார். பிடிவாதத்தில் இரும்பை இளக்கமாக்கியவர். முந்தைய மாதம் நோய் அவருடைய கணவரைக் கொண்டுபோயிருந்தது. முகம் தெரியாதபடி மூடிய உடையில் வந்தவர்கள் படிகளில் அவரை இறக்கிச் சென்றபோது கட்டடம் முழுவதும் பால்கனியில் நின்று பார்த்தது. பார்க்க மட்டுமே அனுமதி. டீச்சரை வண்டியில் ஏறக்கூட விடவில்லை. துக்கம் கேட்க ஒருவரும் மாடி ஏற முடியாத அந்த வீட்டின் பால்கனிக் கதவு அன்று மாலை மூடியதுதான். தொலைபேசியில் யார் அழைத்தாலும் “நல்லா இருக்கேன்” என்ற ஒரு சொல் வரும். பிறகு இணைப்பு அறுந்த ஒலி வரும்.

கண்டக்டரின் மனைவி, கட்டடம் முழுவதற்கும் அக்கா, ஒவ்வொரு காலையும் முற்றத்தில் நின்று அந்தக் கதவை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வருவார். பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். பெருநாள் காலையில் குக்கரில் கேக் செய்து இறக்கியவர், ஒரு துண்டை அறுத்து, தம்முடைய நல்ல எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துத் துடைத்தார். மூடி இறுகப் பொருந்துவது, பிடி வளையாதது, பண்ட பாத்திரங்களுள் பட்டத்து யானையாய் அலமாரியின் மேல்தட்டில் வீற்றிருப்பது.

“அடியேய், டப்பாவுலதானே அனுப்பச் சொன்னாரு?” என்றார் கண்டக்டர்.

“டப்பா திரும்பி வராதுங்க. இது வந்தாகணும். திருப்பிக் குடுக்கவாவது கதவத் திறப்பாங்கல்ல? எனக்கு அது திறந்தாப் போதும்.”

இதுவே அந்தப் போரின் காரணம். நாட்டுக்காகவும் பொன்னுக்காகவும் போர்கள் நடந்தது உண்டு. இது ஒரு கதவுக்காக.

மளிகைப் பை இழுப்பதற்காகக் கட்டி, இழுக்க மறந்துவிட்ட கயிறு ஒன்று இரண்டாம் மாடியிலிருந்து முற்றம் வரை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கொக்கியில் தூக்குவாளியை மாட்டிவிட்டு, நம் தலைவர் மார்பு விரிய மூச்சிழுத்து இரட்டை விசில் ஊதினார். அந்த ஒலியில் புறாக்கள் எழுந்தன. ஓனர் தெளிப்பானோடு ஓடிவந்தார். நோயே ஒரு கணம் திகைத்திருக்கும். இரண்டாம் மாடி மட்டும் அசையவில்லை. மீண்டும் ஊதினார். கன்னங்கள் இரண்டும் பம்பரம்போலப் புடைக்க, கண்கள் கோவைக்கனியாய்ச் சிவக்க, வண்டி கிளம்பும்வரை விடாத பழைய வைராக்கியத்தோடு ஊதிக்கொண்டே இருந்தார்.

“டீச்சர்!” என்று இடையிலிருந்து அலறினார் பல் டாக்டர். “தயவுசெஞ்சு எடுத்துக்கங்க! இவர் நிறுத்த மாட்டாரு! எனக்கு இருக்கிற ஒரே நல்ல பல்லும் ஆடுது!”

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளிவந்தது. கயிறு மெல்ல, மிக மெல்ல, கேக்கையும் ஒரு கட்டடத்தின் மூச்சையும் சேர்த்து மேலே இழுத்தது. கதவு மூடியது.

மறுநாள் காலை தூக்குவாளி இறங்கியது. உள்ளே மூன்று வாழைப்பழங்கள்.

“திறந்தாச்சு” என்றார் அக்கா, பழங்களைப் பார்க்காமல் மேலே பார்த்தபடி.

ஆனால் கண்டக்டர் பழங்களையே பார்த்தார். ஒரு துண்டு கேக்குக்கு மூன்று பழமா? பேருந்தில் ஏறிய எவரையும் தமக்குமேல் நிற்க விடாத அந்தப் பெருவீரரின் குருதி கொதித்தது. “இதுக்கு நாம ஒன்னும் அனுப்பலன்னா, நாளைக்கு என் மூஞ்சில முழிக்க முடியுமா?” என்று கண்ணாடியைப் பார்த்து முழங்கிவிட்டு, மூன்று பழத்தைத் தின்ற கையோடு ஆறு எலுமிச்சைகளை வாளியில் அடுக்கினார். இவ்வாறாக, அன்பினால் தொடங்கிய போர் மானத்தினால் மூண்டது.

அதன்பின் நடந்ததை எந்த நாவால் உரைப்பது! எலுமிச்சை ஏறியது, முட்டை இறங்கியது. முட்டைக்கு எதிராக மெழுகுவத்தி ஏறியது. மெழுகுவத்திக்கு மறுமொழியாகப் பித்தான்கள் தைத்த அட்டை ஒன்று இறங்கி, கண்டக்டரின் மூன்று சட்டைகளை ஒரே அடியில் கரைசேர்த்தது. கடைகள் பாதி நேரம் மூடிக் கிடந்ததால் இரு படைகளின் களஞ்சியங்களும் விரைவிலேயே வற்றின. ஆயினும் வீரம் வற்றவில்லை. பாதி சோப்பு ஏறியது. ஊக்குகள் இறங்கின. டார்ச் விளக்குக்கான பேட்டரிகள் ஏறின. அவை எந்த டார்ச்சுக்கும் பொருந்தவில்லை. பதிலுக்கு, அதேபோல எதற்கும் பொருந்தாத வேறு பேட்டரிகள் அழகான ஒரு பையில் இறங்கின.

முதல் மாடிப் பல் டாக்டரோ கணவாய் காக்கும் சிற்றரசரைப் போல நடுவழியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். அவருடைய பால்கனிக்கு நேரே வந்ததும் வாளி ஒரு கணம் நிற்க வேண்டும். மூடியை நீளக் கம்பியால் தூக்கிப் பார்த்து, உள்ளிருப்பதைக் கட்டடம் முழுவதற்கும் அறிவிப்பார். பிஸ்கட் வந்த நாளில் அறிவிப்பு சற்றுத் தாமதமானது. வாய் நிறைய இருந்ததால் என்று பின்னர் ஒப்புக்கொண்டார். கீழே ஓனர், ஏறும் வாளிக்கும் இறங்கும் வாளிக்கும் தவறாமல் கிருமிநாசினி தெளித்து, “ஒரு நாள் பாருங்க, இந்த வாளிய நான் சீல் வைக்கத்தான் போறேன்” என்று சூளுரைத்தார். மறுநாள் வாளி வரச் சற்றுத் தாமதமானால், “என்ன, இன்னும் காணோம்?” என்று முதல் குரல் கொடுப்பவரும் அவரே.

நாள்தோறும் அந்தக் கதவு திறந்தது. முதலில் ஒரு கை மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு தோள். ஒரு நாள், முட்டை ஒன்று உடைந்து வாளிக்குள் ஓடியபோது, “ஐயையோ” என்ற சொல் மேலிருந்து வந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்க அக்கா குழாயை மூடாமல் ஓடிவந்தார். முற்றமெல்லாம் தண்ணீர்.

இவ்வளவில் நின்றிருக்கலாம். ஆனால் எந்தக் காவியத்தில் தலைவன் அளவோடு நின்றிருக்கிறான்? பெருவீரர்களைக் கவிழ்ப்பது பகைவர் அல்லர், அவர்களுடைய நல்ல யோசனைகளே. ஒரு நாள் நம் தலைவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. இறுதி வெற்றி. எதிரி திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒரு பெருங்கொடை. பணி ஓய்வின்போது தோழர்கள் அளித்த சிறிய ரேடியோவை அலமாரியிலிருந்து எடுத்தார்.

“அது எதுக்கு இப்ப?” என்றார் அக்கா, சந்தேகத்தோடு.

“சும்மா தூசி தட்டுறேன்.”

“அதத் தூக்கி அனுப்பிடாதீங்க. அவங்க திருப்பி எத அனுப்புவாங்க? ஜெயிச்சுத் தொலைச்சிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

ஜெயிக்கக் கூடாத போர் என்று ஒன்று இருக்கும் என்பதை எந்த விசில் ஊதியவரும் ஏற்றதில்லை. அக்கா குளிக்கப் போனார். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த ஓசையே முரசாக, ரேடியோ வாளிக்குள் இறங்கியது. இரட்டை விசில். “ரேடியோ!” என்று டாக்டர் அறிவித்தபோது அவர் குரலே நடுங்கியது. “கண்டக்டர் சார், இது ரொம்ப ஓவர்!” வாளி மேலே ஏறி உள்ளே போயிற்று. கண்டக்டர் முற்றத்தின் நடுவே கைகட்டி நின்று, பகைநாட்டுக் கோட்டை இடிந்து விழுவதைக் காண்பவரைப்போலப் புன்னகைத்தார்.

மேலே, தையல் டீச்சர் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இதற்கு ஈடாக எதை அனுப்புவது? கைக்கடிகாரம் இருந்தது. நல்ல பேனா ஒன்று இருந்தது. தோல் பெட்டி ஒன்று இருந்தது. ஈடாக இருந்த ஒவ்வொன்றும் அவர் கணவருடையது. ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு கயிற்றையும் மேலே இழுத்துச் சுருட்டி, கதவைச் சாத்தினார்.

மறுநாள் வாளி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. புறாக்கள் கயிறில்லாத சுவரில் அமர்ந்து நிம்மதியாகத் தூங்கின. ஓனர் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, தெளிக்க ஒன்றுமில்லாமல், ஒரு பூந்தொட்டிக்குத் தெளித்துவிட்டுப் போனார். அந்தச் செடி பிழைக்கவில்லை. அக்கா தம் கணவருக்குச் சோறு போட்டார். தட்டு மேசையில் வந்து விழுந்த ஓசையிலேயே குற்றப் பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு மூன்றும் அடங்கியிருந்தன. தோல்வியில் வாடிய வீரரை ஆயிரம் காவியங்கள் பாடியிருக்கலாம். வெற்றியில் வாடி, ஆறிப்போன சாப்பாட்டைத் தலைகுனிந்து உண்ட வீரர் இவர் ஒருவரே.

அவர் யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாததால் சற்று நேரம் பிடித்தது. கொடையால் மூடிய கதவைக் கொடையால் திறக்க முடியாது. வேறு படைக்கலம் வேண்டும். பெட்டியைத் திறந்து பழைய காக்கிக் கால்சட்டையை எடுத்தார். அதன் பின்பையைக் கத்தரித்தார். ஊசியில் நூல் கோக்க முயன்றதில் காலைப்பொழுதில் பாதி கழிந்தது. பிறகு விரலில் குத்தியும் விரலோடு சேர்த்துத் தைத்தும், தம் கையாலேயே ஒரு முகக்கவசம் தைத்தார். அதற்கு மேற்புறம், கீழ்ப்புறம் என்று எதுவும் இல்லை. ஒரு காதுக்கு நீளக் கயிறும் மறு காதுக்குக் கட்டைக் கயிறும் அமைந்ததால், அணிந்ததும் அது ஒரு கண்ணை மறைத்துத் தாடையைத் திறந்துவிட்டது. அந்தக் கோலத்தில், ஒற்றைக்கண் கடற்கொள்ளையரைப்போல, முற்றத்தின் நடுவே போய் நின்று விசில் ஊத முனைந்தார். விசில் கவசத்துக்குள் மாட்டிக்கொண்டது. கவசத்தைத் தூக்கிவிட்டு ஊதினார்.

“டீச்சர்! நானே தைச்சது! எப்படி இருக்கு? இதத்தானே பள்ளிக்கூடத்துல இத்தன வருசமா சொல்லிக் குடுத்தீங்க? ரொம்பச் சுலபமால்ல இருக்கு! ஒரு மணி நேர வேலை!”

முதல் மாடியில் டாக்டர் எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க வாயைப் பொத்தி, பொத்திய கைக்கு மேலாகச் சொன்னார்: “சார், அது தலகாணி உறையா, சாக்குப் பையா?”

“டாக்டர், நீங்க சும்மா இருங்க. தெரிஞ்சவங்க சொல்லட்டும். டீச்சர்! இனிமே இந்தக் கட்டடத்துக்கே நான்தான் தைக்கப் போறேன்! ஊசி வேல ஒரு வேலையா?”

பொன்னைக் கொடுத்தபோது திறவாத கதவு, புண்பட்டபோது திறந்தது. கையும் தோளும் அல்ல, டீச்சர் முழுதாகவே பால்கனிக்கு வந்து நின்றார். அவர் இளைத்திருந்ததை அக்கா அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தார். கோபத்தில் டீச்சரின் மூக்கு நுனி சிவந்திருந்ததையும் பார்த்தார். தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளை நடுங்க வைத்த அந்தப் பழைய குரல், ஒரு மாதத்துக்கும் மேலாக அடைந்து கிடந்த தொண்டையைக் கிழித்துக்கொண்டு கட்டடத்தின்மேல் இடியென இறங்கியது.

“கண்டக்டரே! அத முதல்ல கழட்டுங்க! பாக்கவே கண்ணு வலிக்குது. அது தையலா? கோழி கிளறின மாதிரி இருக்கு!”

“குத்தம் சொல்றது சுலபம் டீச்சர்…”

“பேசாதீங்க! கழட்டி வாளியில போடுங்க!”

கயிறு அவிழ்ந்து விழுந்தது. அதன் முனையில் தூக்குவாளி ஆடிக்கொண்டே இறங்கியது. சட்டத்தை மீறாத தையல் டீச்சர் அந்தக் கோபத்திலும் அதை வெறுமையாக அனுப்பவில்லை. மூடியைத் திறந்தால், சில நாள் முன்பு கண்டக்டரே அனுப்பிய பாதி சோப்பு.

“போடுறதுக்கு முன்னாடி அந்தத் துணியத் துவைங்க!” என்றார் டீச்சர் மேலிருந்து.

கட்டடம் சிரித்தது. ஓனர்கூட, தெளிப்பானின் குழாயைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். மூக்கறுபட்ட நம் தலைவர், சோப்பைக் கையில் ஏந்தி, தலை குனிந்து, குழாயடிக்கு நடந்தார். குனிந்த அந்த முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சியைக் கண்டவர் ஒரே ஒருவர். அவர் அன்று மாலை தட்டை ஓசையில்லாமல் வைத்தார்.

காக்கிக் கவசம் மறுநாள் திரும்பி வந்தபோது அடையாளம் தெரியவில்லை. பிரித்து, அளந்து, திரும்ப வெட்டி, உள்ளே பூப்போட்ட திரைச்சீலையின் மெல்லிய உள்துணி வைத்து, எறும்பு வரிசைபோலத் தைத்திருந்தது. அதைக் கண்டக்டர் வெற்றி மாலையாகச் சூடி முற்றத்தைச் சுற்றி வந்தார். டாக்டருக்குப் பொறாமை பொறுக்கவில்லை. தம் பழைய வேட்டியைக் கம்பியில் மாட்டி மேலே நீட்டினார். ஓனரும் தமக்கு ஒன்று வேண்டும் என்று, ஆணை வடிவிலேயே, விண்ணப்பித்தார். சில நாட்களில் கட்டடம் முழுவதும் டீச்சர் வீட்டுத் திரைச்சீலையை அணிந்துகொண்டு அவரவர் பால்கனியில் நின்றது. ரேடியோவும் பேசத் தொடங்கியது. தையல் எந்திரத்தின் ஓசையும் பாட்டும் கலந்து மேலிருந்து வழிந்தன. வாளி நாள்தோறும் தவறாமல் ஏறி இறங்கியது.

எல்லோரும் போர் முடிந்தது என்றார்கள். அக்கா மட்டும் தலையை ஆட்டினார்.

“டீச்சர் குடுக்குறாங்க. நாம குடுத்தா வாங்கிக்குறாங்க. கேட்டிருக்காங்களா? ‘இது இல்ல, குடுங்க’ன்னு ஒரு நாள் வாயத் திறந்து கேட்டிருக்காங்களா? அடுப்புச் சத்தமே கேக்கலன்னு டாக்டர் சொல்றாரு. பிஸ்கட்டும் தண்ணியும்தான் போல. தனக்குன்னு ஒன்னு வேணும்னு தோணுற வரைக்கும், கதவு திறந்திருந்தாலும் மூடினதுதாங்க.”

இதைக் கேட்டு நம் தலைவர் கழுத்து விசிலை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு, “அப்ப நான் என்ன அனுப்புறது?” என்றார்.

“எதையும் அனுப்பி அத வாங்க முடியாது” என்றார் அக்கா.

ஆயினும் அனுப்பினார். எதை அனுப்பினாலும் அதற்குச் சரியாக ஈடுகட்டி, ஒரு நூல் கூடாமல் ஒரு நூல் குறையாமல், மேலிருந்து பதில் வந்தது. கொடுத்தலும் வாங்கலும் தராசின் இரு தட்டாய் அசையாமல் நின்றன.

அப்படியிருக்கையில் ஒரு காலைப்பொழுது விடிந்தது. கிழக்கே கதிரவன் ஓனரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தான். புறாக்கள் தங்கள் இடங்களில் அமர்ந்தன. தூக்குவாளி இரண்டாம் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கியது. அதன் நடையிலேயே ஏதோ மாற்றம் இருந்தது. சுமையோடு இறங்கும் வாளி, நிறைமாதப் பெண்ணைப்போல நிதானமாக இறங்கும். இதுவோ காற்றுக்கெல்லாம் ஆடியது, சுவரில் மோதியது, கணீர் கணீர் என்று ஒலித்தது. முதல் மாடியில் டாக்டர் வழக்கம்போல மூடியைக் கம்பியால் தூக்கினார். உள்ளே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அறிவிப்பு எதுவும் வரவில்லை. மூடியை மெதுவாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன டாக்டர்? என்ன இருக்கு?” என்றார் கீழிருந்து கண்டக்டர்.

“நீங்களே பாருங்க சார்.”

வாளி அவர் கைக்கு வந்தது. ஓனர் தெளிக்க மறந்து நின்றார். அக்கா ஈரக்கையோடு அடுக்களை வாசலுக்கு வந்தார். நம் தலைவர், எத்தனையோ நெரிசல்களில் அசையாத அந்த நெடுமரம், மூடியைத் திறந்தார்.

ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த எவர்சில்வர் அடியில் அவருடைய முகம் மட்டும், காக்கிக் கவசத்தோடு, அவரையே பார்த்தது. படைத்தலைவன் வீழ்ந்த களத்தில் கொடியும் குடையும் சாய்ந்து கிடப்பதுபோலவும், கடல் பின்வாங்கிய கரையில் படகுகள் கவிழ்ந்து கிடப்பதுபோலவும், கட்டடத்தின் எல்லா ஓசைகளும் ஒருசேர அடங்கின. பெருநாள் தொட்டு ஒரு நாளும் நேராதது நேர்ந்துவிட்டது. யாருக்கும் தெரியாத யாரோ இயற்றிய சட்டம் உடைந்துவிட்டது. இனிக் கயிறு சுருளும், கதவு மூடும், ரேடியோ ஓயும், அந்தப் பிடிவாதக்காரி அந்த இருட்டுக்கே திரும்பிப் போவாள் என்று எண்ணி, தோற்றே பழகாத அந்த மனிதர் வாளியை மார்போடு அணைத்தபடி நின்றார். கழுத்தில் தொங்கிய விசில் ஊதப்படாமலே கிடந்தது. அக்கா அவர் தோளைத் தொட்டு, மேலே பார்க்கும்படி சைகை காட்டினார்.

பால்கனிக் கதவு அகலத் திறந்திருந்தது. டீச்சர் கைப்பிடிச் சுவரில் இரு முழங்கைகளையும் ஊன்றி, கீழே குனிந்து, யாரையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமுறை வாயைத் திறந்து மூடினார். வாழ்நாளில் யாரிடமும் நீட்டிப் பழகாத ஒரு கையை நீட்டுவதற்கு, ஊசித் துளையில் வடக்கயிற்றைக் கோப்பதுபோல அவர் பட்ட பாட்டைக் கட்டடம் முழுவதும் மூச்சடக்கிப் பார்த்தது.

“என்ன, வெறும் வாளியப் பாத்துட்டு அப்படியே நிக்கிறீங்க?” என்றார் கடைசியில், சிடுசிடுப்பாக. “ஒன்னும் மறந்துபோய் அனுப்பல. அக்காகிட்ட குடுங்க. டீ போடலாம்னு அடுப்ப மூட்டினேன்.”

டீச்சர் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது.